சேம அச்சு

தோட்டத்தில் வண்டிகளுக்கும் படிநிலை இருந்தது. கங்காணி நடந்து வருவார். கிராணியார் சைக்கிளில் வருவார். பெரிய கிராணியாரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பெரிய துரை லேண்ட்ரோவரில் வருவார். ரப்பர்ப் பாலை ஏற்றிச் செல்லும் லோரி இந்த வரிசையில் சேராது. எங்களைப் போலவே அதுவும் வேலை செய்வதற்கென்று வந்தது. லயத்துச் சிறுவர்களாகிய நாங்கள், கண்ணால் காண்பதற்கு முன்பே ஒலியைக் கொண்டு வருபவர் இன்னாரென்று அறிவோம். லோரியின் இரைச்சல் கேட்டால் அதன் பின்னால் ஓடுவோம். சைக்கிள் மணி கேட்டால் ஒதுங்கி நிற்போம். லேண்ட்ரோவரின் பற்சக்கரங்கள் எழுப்பும் அந்த நீண்ட ஊளை கேட்டாலோ, லயத்தின் பின்புறம் மறைந்து கொள்வோம். மறைந்திருந்து எட்டிப் பார்த்தால், அதன் வலப்பக்க இருக்கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் தந்தையார் அமர்ந்திருப்பார்.

1959 முதல் 1981 வரை இருபத்திரண்டு ஆண்டுகள், காம்பாருக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் துரையின் ஓட்டுநராக இருந்தார். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் என் தாயாரோ, பிள்ளைகளாகிய நாங்கள் நால்வரோ அவ்வண்டியில் ஒருமுறையேனும் ஏறியதில்லை. ஏறக் கூடாதென்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாத விதிகளாலேயே தோட்டம் நடந்தது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2018இல், அதே இனத்தைச் சேர்ந்த ஒரு பழைய வண்டியை நான் விலைக்கு வாங்கினேன். தமிழ் கற்பித்தவனுக்கு இந்த வயதில் இரும்புக் கடை வேலை எதற்கு என்று நண்பர்கள் கேட்டனர். ஒருவர், "ஆசிரியருக்குத் துரையாகும் ஆசை வந்துவிட்டது" என்று சிரித்தார். நானும் உடன் சிரித்தேன். ஆனால் அன்றிரவு அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை.

வாங்கியதற்கு உடனடிக் காரணம் கோவில்தான். எங்கள் தோட்டம் தொண்ணூறுகளில் கைமாறியது. ரப்பர் மரங்கள் சாய்ந்தன, செம்பனை எழுந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன. காம்பார், மாலிம் நாவார், கோப்பெங், ஈப்போ என்று தாமான் தாமானாக மக்கள் சிதறினர். ஆற்றோரத்து மாரியம்மன் கோவில் மட்டும், பெயர்த்தெடுக்க எவருக்கும் துணிவில்லாமையால், செம்பனைக்கு நடுவே நின்றது. ஆண்டுக்கு ஒருமுறை சித்திரைத் திருவிழாவுக்கு அங்குக் கூடுவோம். தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து கோவிலுக்கு நான்கு கிலோமீட்டர் களிமண் பாதை. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளின் சக்கரத் தடம் முழங்கால் ஆழத்துக்கு இருக்கும். ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் மழை ஒன்று பெய்துவிட்டால் எந்தக் காரும் அதில் போகாது. இளைஞர்கள் நடந்தார்கள், முதியவர்கள் வீட்டில் தங்கினார்கள். நான் வண்டி தேடத் தொடங்கிய ஆண்டில், அத்தோட்டத்தில் பால்வெட்டி வாழ்ந்த தலைமுறையில் பதினொரு பேர் எஞ்சியிருந்தனர். அவர்களில் எவரும் நான்கு ஆண்டுகளாக அம்மனைப் பார்க்கவில்லை.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் புதிய பிக்கப் ஒன்றின் விலை லட்சம் வெள்ளியை நெருங்குகிறது அல்லது தாண்டுகிறது; ஓய்வூதியக்காரனுக்கு அது எட்டாது. பழைய வண்டிதான் வழி. பழைய ஜப்பானிய வண்டி ஒன்றே போதுமானது என்று அறிந்தவர்கள் சொன்னார்கள். சரியான அறிவுரைதான். லேண்ட்ரோவர்தான் வேண்டுமென்று என் மனம் நின்றதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதற்கு முன் அவ்வண்டியின் பிறப்பைச் சொல்ல வேண்டும்.

அதைத் துரைகளுக்கென்று எவரும் செய்யவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் அவருக்கொரு பண்ணை இருந்தது. போரில் மிஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை அங்கே உழவுக்கும் சுமைக்கும் பயன்படுத்தி வந்தார். ஜீப் பழுதானபோது, அதைப் போன்ற ஒன்றை உழவர்களுக்காக நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. அக்காலத்தில் அந்நாட்டில் எஃகுக்குப் பங்கீடு. ஆகவே உடலை அலுமினியக் கலவையால் செய்தார்கள். பெரிய அச்சு வார்ப்புகளுக்குப் பணமில்லாமையால் தகடுகள் கையால் வளைக்கத் தக்கவாறு தட்டையாக அமைந்தன. இராணுவத்தில் மிஞ்சிக் கிடந்த பச்சைச் சாயத்தைப் பூசினார்கள். இன்று பலர் வியந்து பாராட்டும் அந்த வண்டியின் தோற்றம், முழுக்க முழுக்க வறுமையின் தோற்றம். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அது வெளிவந்தது. எஞ்சினின் ஆற்றலை வெளியே எடுத்து மரம் அறுக்கவும் நீர் இறைக்கவும் அதில் வழி வைத்திருந்தார்கள். உழவனுக்குக் கருவியாகப் பிறந்த வண்டி அது.

ஏழு வாரம் முடிவதற்குள், 1948 ஜூன் 16ஆம் நாள், நம் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது, 1960 ஜூலை வரை நீடித்தது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது, இரவில் ஊரடங்கு, அரிசிக்குப் பங்கீடு. துரைமார்கள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு பொருத்திக் கொண்டு, துப்பாக்கியுடன் தோட்டம் சுற்றினர். காட்டுப் பாதையில் சிக்காமல் ஓடக்கூடிய லேண்ட்ரோவர் படைக்கும் காவல் துறைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் பொருந்திய வாகனமாயிற்று. இவ்வாறுதான் உழவனுக்கென்று பிறந்தது மலாயாவில் அதிகாரத்தின் ஊர்தியாயிற்று. எங்கள் தலைமுறை அதைக் கண்டு ஒளிந்ததற்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரு காரணம்.

அதே வண்டி கேமரன் மலையில் வேறு பிறவி எடுத்தது. தாப்பாவிலிருந்து மலையேறும் பழைய சாலையில் ரிங்லெட்டைக் கடந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: கூரை இல்லாமல், கதவு இல்லாமல், முட்டைக்கோசும் தக்காளியும் குவித்துக் கொண்டு, செங்குத்தான மண் சரிவுகளில் ஏறி இறங்கும் பழைய லேண்ட்ரோவர்கள். துரைமார்களும் படையினரும் கழித்தவற்றைக் காய்கறி விவசாயிகள் வாங்கி, அரை நூற்றாண்டாக உழைக்க வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் டார்ஜிலிங் மலைப்பகுதியில், மானேபஞ்சன் என்னும் ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்கும், நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் செய்யப்பட்ட முதல் வரிசை லேண்ட்ரோவர்கள் அண்மைக் காலம் வரை பயணிகளை ஏற்றிச் சென்றன. வில்க்ஸ் எண்ணியதை நிறைவேற்றியவர்கள் இவ்விரு மலைகளின் எளிய மக்களே என்பது என் கருத்து.

எனக்குக் கிடைத்த வண்டியும் மலையிலிருந்து இறங்கியதுதான். தாப்பாவில் ஒரு காய்கறி வணிகரின் கொட்டகைக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில், பதினான்கு ஆண்டுகளாக நின்றிருந்தது. முன்னிருக்கையில் கோழி முட்டையிட்டிருந்தது. 1967ஆம் ஆண்டுப் பதிவு. 'சீரிஸ் 2ஏ' வகை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 109 அங்குலம். 2,286 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின். பின்னால் திறந்த தட்டு. விளக்குகள் இரண்டும் மூக்கின் இருபுறமும் நெருங்கி, மூக்குக்கண்ணாடி அணிந்த முதியவரைப் போல் நம்மைப் பார்க்கும். பிந்திய வண்டிகளில் விளக்குகள் விலகி இருபுறத் தோள்களுக்குப் போய்விட்டன; அம்முகம் எனக்குப் பிடிப்பதில்லை.

பழைய லேண்ட்ரோவர் வாங்குபவர் மேலுடலைப் பார்த்து மயங்கவும் கூடாது, வெறுக்கவும் கூடாது. அலுமினியம் துருப்பிடிப்பதில்லை, எஃகைத் தொடும் இடங்களில் மட்டும் வெண்பொடியாய்ச் சிதையும். உயிர் அடிச்சட்டத்தில் இருக்கிறது. அது பெட்டி போல் மூடிய எஃகு. சேறும் நீரும் உள்ளே புகுந்து தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே படுத்துக்கொண்டு சிறு சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். திடமான இடத்தில் ஒலி எதிரொலிக்கும். அரித்த இடத்தில் ஈரப் பலகையைத் தட்டியது போல் மழுங்கும். அடுத்து எண்ணைப் பார்க்க வேண்டும். வலப்பக்க முன்வில்லைத் தாங்கும் கொம்பில் சட்டத்தின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். துரு அந்த எண்ணைத் தின்றுவிட்டால் வண்டி உயிரோடிருந்தும் பெயரற்றதாகிவிடும். பதிவுப் பத்திரமாகிய கிராண்டில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்க்க இயலாது. சாலைப் போக்குவரத்து இலாகா ஏற்காது. அடையாளப் பத்திரம் இல்லாமல் வாழ்நாளைக் கழித்த முதியவர்களைத் தோட்டத்தில் பார்த்திருந்த எனக்கு, அந்தக் கொம்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எண் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தபோது மனம் பதறியது உண்மை. எண் முழுதாய் இருந்தது. எட்டாயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குப் பேசி முடித்து, இழுவை லோரியில் ஏற்றிக் காம்பாருக்குக் கொண்டு வந்தேன்.

பட்டறைக்காரர் எழுபது வயதை எட்டிய சீனர். நான் அவரைத் தௌக்கே என்பேன். அவர் என்னைச் 'சிக்கு' என்பார். இளமையில் ஓர் ஈயச் சுரங்கத்தின் பட்டறையில் தொழில் பழகியவர். காம்பார் ஈயத்தால் பிறந்த ஊர் என்பதை மாணவர்கள் வரலாற்றில் படித்திருப்பார்கள். தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கும் ஈயக் கப்பலைச் சுற்றுலாவில் பார்த்திருப்பார்கள்; 1938இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கியது அது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சுரங்கத்து இயந்திரங்களைப் பழுது பார்த்த கைகள் கார் பழுது பார்க்க வந்தன. அவ்வாறு வந்த கைகளுள் இவருடையவையும் சேரும்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றிவிட்டு, "ஒரு வாரம் தொடாதே" என்றார். ஒன்பதாம் நாள், முன்பம்பரின் துளை வழியே கைப்பிடியை நுழைத்து இருவரும் சேர்ந்து அழுத்தினோம். நகரவில்லை. மறுபுறம் அழுத்தினோம். நகம் அளவுக்கு அசைந்தது. அசைந்ததைத் திரும்ப அசைத்து, திரும்ப அசைத்து, மாலைக்குள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. கொடியில் காயும் துணியைப் போல் அதை அவசரப்படுத்த முடியாது என்பது தௌக்கேயின் கொள்கை.

ரேடியேட்டர் மூன்றிடத்தில் ஒழுகியது. புதியது வாங்கலாம் என்றேன். அவர் கேளாதவர் போல் பற்றவைப்புக் கோலைச் சூடேற்றி, ஈயமும் காரீயமும் கலந்த பற்றை உருக்கி வார்த்து மூன்று துளைகளையும் அடைத்தார். துளை அடைபட்டதும் பளபளத்த அந்தப் புள்ளிகளை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தேன். இந்த ஊரின் செல்வமாய் இருந்த பொருள், ஒரு பழைய வண்டியின் தண்ணீர்த் தொட்டியில் மூன்று பொட்டுகளாய் இருந்தது.

மற்ற வேலைகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. பிரேக்குகள் முழுவதும் புதிதாயின; எலி தின்ற மின்கம்பிகள் மாறின; அடிச்சட்டத்தில் இரண்டிடம் வெட்டி ஒட்டினோம். ஐந்து டயர்கள் வாங்கினேன். கனரக டயர்களில் இன்றும் இயற்கை ரப்பர் பெருமளவு சேர்கிறது. வெட்டியவர் எவரோ, எந்நாட்டவரோ.

வேலை தொடங்கிய மூன்றாம் மாதம் தந்தையாரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றேன். அப்போது அவருக்கு வயது எண்பத்து நான்கு, காது மந்தம். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். தட்டின் விளிம்பில் இருந்த நசுங்கல்களைத் தடவினார். அவற்றை அப்படியே விட்டுவிடப் போவதாகச் சொன்னேன். அடிபட்ட தழும்புகள் வண்டியின் வரலாறு என்று நகரத்து நண்பர்கள் சொல்லியிருந்தனர். எனக்கும் அது அழகாகப் பட்டது. தந்தையார் முகம் சுளித்தார். "எதுக்கு? ஓட்டுனவனுக்கு வேலை தெரியலேன்னு ஊரெல்லாம் சொல்லணுமா? தட்டி எடுக்கச் சொல்லு" என்றார். தட்டி எடுத்தோம். பழைய பொருள்களின் தழும்பை ரசிப்பது, அத்தழும்புக்காக ஏச்சு வாங்கியிராதவர்களின் ரசனை என்று அன்று எனக்குத் தோன்றியது.

பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "சேம ஆக்சல் எத்தனை வாங்கி வெச்சிருக்கே?" என்பது.

இங்கே ஆசிரிய நண்பர்களுக்காகச் சற்று விலகிச் செல்கிறேன். மகிழுந்து, சுமையுந்து என்று வகுப்பில் கற்பிக்கிறோம். பட்டறைக்குள் நுழைந்தால் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கிளட்ச், கியர், பேரிங் என்று ஒரே சொற்களைத்தான் பேசுகிறார்கள். ஆனால் வண்டியின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயரில்லாமல் இல்லை. இருசு, குடம், வட்டை, ஆரக்கால், கடையாணி என்று மாட்டுவண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயருண்டு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். ஏறும் போதோ இறங்கும் போதோ அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு வைத்திருப்பது அது. இதை எத்தனையோ ஆண்டுகள் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குத் தனி வகுப்பில் விளக்கியிருக்கிறேன். தந்தையார் அப்பாட்டை அறியார். பள்ளியில் அவர் மூன்றாண்டுகள்கூட இருந்ததில்லை. ஆயினும் 'சேமம்' என்னும் சொல்லை அதே பொருளில், அதே பொருளுக்கு அவர் ஆண்டதைக் கேட்டு நான் திகைத்தேன். தோட்டத்து ஓட்டுநர்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்களாம்.

லேண்ட்ரோவரின் பின்னச்சில் பெட்டிக்குள்ளிருந்து இரு சக்கரங்களுக்கும் தனித்தனியே செல்லும் இரு தண்டுகள் உண்டு. பட்டறையில் ஹாஃப் ஷாஃப்ட் என்பார்கள். இந்த வகை வண்டியின் பலவீனம் அதுவே. சேற்றில் ஒரு சக்கரம் சுழன்று திடீரென்று கெட்டித் தரையைப் பிடித்தால், தண்டு முறுகி முறிந்துவிடும். வில்க்ஸின் ஆட்கள் அதற்கும் வழி செய்திருந்தனர். வண்டியின் பாரத்தை அத்தண்டு தாங்குவதில்லை. சுழற்றுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே சக்கரத்தைக் கழற்றாமலே ஆறு ஆணிகளை நீக்கித் தண்டை உருவி எடுக்கலாம். முன்சக்கரங்களை இயக்கி வீடு வந்து சேரலாம்.

1968ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மழை இரவில் தந்தையார் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. கடைசி லயத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு நாளாகப் பிள்ளைப்பேறு ஆகவில்லை. தோட்டத்து டிரஸ்ஸர் கைவிரித்து, பத்து காஜா மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார். ஆற்றுப் பாலத்தின் மேல் வெள்ளம் ஓடியது. லோரி போக முடியாது. துரை ஊரில் இல்லை. வண்டியின் சாவி தந்தையாரிடம் இருந்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை. பின்தட்டில் பாயை விரித்து, மேலே தார்ப்பாய் கட்டி, அப்பெண்ணையும் இரு கிழவிகளையும் ஏற்றிக் கொண்டு போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தனர். திரும்பும் வழியில், பாலத்தை அடுத்த ஏற்றத்தில், தண்டு முறிந்தது.

தண்டின் விலை தந்தையாரின் சம்பளத்தில் மூன்று தவணையாகப் பிடிக்கப்பட்டது. துரை கொடியவர் அல்லர். பிறந்த குழந்தைக்கு ஒரு டின் பால்மாவு கொடுத்தனுப்பினார். கணக்கு வேறு, இரக்கம் வேறு என்பது அவர் முறை. தந்தையார் இதைப் பற்றி எங்களிடம் பேசியதேயில்லை; சம்பள நாளன்று தாயார் அழுததிலிருந்துதான் நாங்கள் அறிந்தோம். நான் லேண்ட்ரோவர்தான் வேண்டும் என்று நின்றதற்குக் காரணம் அந்த மூன்று தவணை. அது எங்கள் வீட்டுச் சோற்றிலிருந்து போன பணம். அந்த வண்டியில் எங்களுக்கும் ஓர் அச்சின் பங்கு இருந்தது என்று சிறு வயதிலேயே என் மனத்தில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்டு விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளரே பங்கு போட்டு வாங்கலாம் என்று காட்டிய காலம் அது. எங்கள் தோட்டத்துக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பிற தோட்டங்களில் நிலத்தை வாங்கினார்கள். நான் ஐம்பதாண்டு கழித்து ஒரு வண்டியை வாங்கினேன்.

2019 பிப்ரவரியில் எஞ்சின் ஓடியது. பட்டறை முற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது, இரண்டாம் கியருக்கு இறக்கும் ஒவ்வொரு முறையும் பற்கள் கத்தின. இவ்வகை வண்டியில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கே பற்களை இசைவிக்கும் அமைப்பு உண்டு. முதல் இரண்டுக்கு இல்லை. தௌக்கேக்கும் அது பழக்கமில்லை. தந்தையார் என் பக்கத்தில் நின்று, திறந்த சாளரத்தின் வழியே கையை நீட்டி, கியர்த் தண்டின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். காது கேளாதவர் கையால் கேட்டார். "கிளட்சை மிதி. நியூட்ரல்ல விடு. கிளட்சை விட்டுட்டு எண்ணெயை ஒரு மிதி மிதி. இப்ப மறுபடி கிளட்ச். இப்பத் தள்ளு, அவனே போவான்." போனான். ஒலியே இல்லை. இருபது முறை செய்ய வைத்தார். அறுபத்திரண்டாம் வயதில் நான் மீண்டும் மாணவனாகி, இருபத்தோராம் முறை பாராட்டுப் பெற்றேன். பாராட்டு என்பது அவர் கையை எடுத்துக் கொண்டது.

மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். சிவப்புக் குமிழ்த் தண்டைப் பின்னால் இழுத்தால் வேகம் குறைந்து இழுவை பெருகும். இதை அவர் எனக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. லயத்தின் பின்னால் ஒளிந்திருந்த ஒவ்வொரு சிறுவனுக்கும் அது தெரியும்.

நெடுநாள் சாலைவரி கட்டாத வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டு போவதும், தேற வைப்பதும், பெயர் மாற்றுவதும் தனிப் புராணம். இரண்டாம் முறையில் தேறியது. மொத்தச் செலவு, வாங்கிய விலையைச் சேர்த்து, இருபத்து மூவாயிரம் வெள்ளி. இதே வண்டிகளைத் தோலிருக்கையும் புதுச் சாயமுமாய் மெருகேற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுப்பவர்கள் ஈப்போவில் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். வண்டிக்கு அது ஓய்வூதியம் போன்றது. ஆனால் மழையில் நனையாத லேண்ட்ரோவரைப் பார்க்கும்போது, ஏர் பூட்டாத கலப்பையைக் கூடத்தில் மாட்டியது போல் எனக்குத் தோன்றும். நான் சாயம் பூசுவதற்கு முன்பே தட்டின் இருபுறமும் பலகை இருக்கையும் பிடிகம்பியும் பொருத்தச் சொன்னது தந்தையார்தான்.

அந்த ஆண்டுச் சித்திரையில் பதினொருவரையும் கார்களில் தார்ச்சாலை முடியும் இடம்வரை கொண்டு வந்தோம். சரக்கு வண்டியின் தட்டில் ஆளேற்றிப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் இடந்தராது. அதற்கப்பால் தோட்டத்துத் தனிப்பாதை. செம்பனை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் இசைவு பெற்றிருந்தோம். முந்திய நாள் மழை பெய்திருந்தது. முன்னிருக்கையின் இடப்பக்கம், துரை அமரும் இடம், காலியாக இருந்தது. தந்தையாரை அங்கே அமரச் சொன்னேன். கேட்காதது போல் பின்னால் போய், மற்றவர்களோடு பலகையில் அமர்ந்து கொண்டார். வேறு எவரும் ஏறவில்லை. இறுதியில் அம்மனுக்கு எடுத்துச் சென்ற பூக்கூடையை அங்கே வைத்தோம்.

ஏறியவர்களுள், 1968இல் தார்ப்பாயின் அடியில் போன அந்த அம்மாளும் இருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்குப் படுத்துக்கிட்டுப் போனேன், வழி ஒண்ணும் பார்க்கல. இன்னிக்குப் பார்த்துக்கிட்டு வரேன்" என்றார். பார்ப்பதற்குச் செம்பனையைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் அவர்கள் பார்த்தார்கள். இது பிரட்டுக் களம், இது ஆயாக் கொட்டகை, இது பால் நிறுத்த இடம் என்று, இல்லாதவற்றை ஒருவருக்கொருவர் காட்டிக் கொண்டே வந்தார்கள். நான் சிவப்புத் தண்டைப் பின்னுக்கு இழுத்து, இரண்டாம் கியரில், மனித நடையின் வேகத்தில் ஓட்டினேன். கண்ணாடியில் தந்தையார் தெரிந்தார். அவர் பாதையைப் பார்க்கவில்லை. குனிந்து, வலக்கையைத் தட்டின் மேல் அகல விரித்து, வண்டியின் நடுக்கத்தைக் கவனித்துக் கொண்டிருந்தார்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் திருவிழா இல்லை; மறு ஆண்டும் இல்லை. 2022இல் தந்தையார் காலமானார். பதினொருவரில் இன்று நால்வர் இருக்கிறார்கள். வண்டி, மற்ற நாள்களில் கோவிலுக்குச் சிமெண்டும் மணலும் சுமக்கிறது. ஒருமுறை புதைந்து போன செம்பனை லோரி ஒன்றைக்கூட இழுத்து விட்டது.

2023 சித்திரையில், பாலத்தை அடுத்த அதே ஏற்றத்தில், பின்னச்சின் இடத்தண்டு முறிந்தது. பெரிய ஓசை இல்லை. விறகு ஒடிவது போல் ஓர் ஒலி. முதியவர்களை இறக்கி நிழலில் அமர்த்தினோம். இருக்கைக்கு அடியில், தந்தையார் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டி வைத்திருந்த இரு சேமத் தண்டுகளில் ஒன்றை எடுத்தேன். ஆறு ஆணிகள். பெட்டிக்குள் தங்கிவிட்ட சிறு துண்டைக் காந்தம் கட்டிய கம்பியால் தூண்டில் போட்டு எடுப்பதற்குத்தான் நேரமாயிற்று. ஒரு மணி நேரத்தில் புறப்பட்டோம். முறிந்த தண்டைப் பூசாரி கேட்டு வாங்கிக் கொண்டார். அக்காலத்தில் பிரட்டுக்கு ஆள் கூட்டத் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள் அல்லவா. அது போல அதைக் கோவில் வாசல் வேம்பில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நல்ல எஃகு. தட்டினால் ஆற்றுக்கு அப்பாலும் கேட்கிறது.